வெள்ளிக் கிண்ணத்தில் இருந்தது ஊறுகாய் அல்ல

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. எனக்குத் திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை. நான் சொல்லப்போவது எங்கள் தெருமுனையில் இருந்த மாதா கோயிலின் பின்கூடத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது. அன்று நான் ஒரு பொய்யோடு கையும் களவுமாகப் பிடிபட்டேன். என்னைப் பிடித்தவரிடம் இன்றுவரை எனக்கு நன்றியைத் தவிர வேறெதுவும் இல்லை.

சனிக்கிழமைகளில் அந்தக் கூடத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடக்கும். வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லாமல் ஏழெட்டுப் பேர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒருநாள் ஒரு கதையைப் படித்துச் சொன்னேன். அடுத்த வாரமும் கேட்டார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் அதை வாசகர் வட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்; அவர்கள் 'கதை கிளாஸ்' என்றார்கள். முறைவைத்து வாரம் ஒருவர் தின்பதற்கு ஏதாவது கொண்டுவருவார். தின்றுகொண்டே கேட்பார்கள், குறுக்கே பேசுவார்கள், கதையில் வருபவர்களுக்காகச் சண்டையும் போடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் மூவரை மட்டும் இங்கே சொன்னால் போதும். ஒருவர் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களில் என்னைத் தவிர ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். இன்னொருவர் தையல் கற்றுத்தந்த பெண், வாய்த்துடுக்குக்காரி. மூன்றாமவர் கருவாட்டு வியாபாரம் செய்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார்; அக்கா என்றே அழைத்துவந்தேன். அவருடைய கணவர் கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். அக்கா கரையில் மீனை உப்பிட்டுக் காயவைத்து, கூடையில் சுமந்து புளியந்தோப்பு வரை போய் விற்றுவருவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. போன வாரம் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பதை நான் மறந்திருந்தாலும் அவர் மறந்திருக்க மாட்டார்.

கூடத்துக்கு வருவதற்கு முன் அவர் தலைக்குக் குளித்து, எலுமிச்சைத் தோலால் கைகளைத் தேய்த்துக் கழுவி, ஒரு முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு வருவார். வந்தாலும் கதவோரத்தில், காற்று வெளியே போகிற பக்கமாகவே உட்காருவார். அப்படி உட்காரச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை. உள்ளே வாருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்காரர்கள் விட்டுச்செல்லும் ஆங்கிலப் புத்தகங்கள் அப்போது பழைய காகிதக் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். அட்டையும் முதல் தாள்களும் கிழிந்துபோன ஒரு தடித்த நாவல் அப்படித்தான் என் கைக்கு வந்தது. எழுதியவர் யார் என்பதுகூட எனக்குத் தெரியாது. பழங்கால ரோமாபுரியில், ஒரு பெருந்தனக்காரர் வீட்டில் அடிமையாக விற்கப்பட்ட சமையல்காரப் பெண்ணின் கதை. பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடு.

ரோமாபுரி என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாப்பரசர் இருக்கும் ஊர் அல்லவா?

"அந்தப் பொண்ணு பூசைக்குப் போவுமா டீச்சர்?" என்று தையல்காரப் பெண் கேட்டாள்.

"ஏசு பிறப்பதற்கு முந்திய கதை இது" என்றேன்.

"அய்யய்யோ, அப்ப அதுக்கு ஞாயித்துக்கெழம கூட லீவு இல்லியா?"

அந்த ஊர்ச் சீமான்கள் படுத்துக்கொண்டே விருந்து சாப்பிடுவார்கள் என்று படித்தபோது, தொண்டையில் முள் சிக்கினால் என்ன செய்வார்கள் என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. நம் நாட்டு மிளகு கப்பலேறிப் போய் அங்கே பெரும் விலைக்குப் போனதைக் கேட்டு, அதைத் தாங்களே ஏற்றிவிட்டதுபோல் பெருமைப்பட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, என் பொய்யைத் தவிர.

அந்தப் பெண் பிறந்தது ஒரு கடற்கரை ஊரில். அவளுடைய பெற்றோர் மீனையும் மீன்குடலையும் உப்பில் போட்டு, பானைகளில் அடைத்து, மாதக்கணக்கில் வெயிலில் ஊறவைத்து, அதிலிருந்து வடியும் சாற்றை விற்பவர்கள். அந்தச் சாறு இல்லாமல் ரோமாபுரியில் விருந்தே கிடையாது. ஆனால் அதைச் செய்பவர்களின் நாற்றம் தாங்காமல், ஊருக்கு வெளியேதான் செய்ய வேண்டும் என்று அதிகாரிகள் உத்தரவு போட்டிருந்தார்கள். மகளைப் பார்க்க வந்த தகப்பனைப் பின்வாசலிலேயே நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஓர் இடமும் உண்டு.

வார நாட்களில் மாலைநேரத்தில் உட்கார்ந்து, சனிக்கிழமை சொல்ல வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வது என் பழக்கம். அந்தப் பக்கங்களைப் படித்ததும் கதவோரம் உட்காரும் அக்காவின் முகம் கண்முன் வந்தது. அத்தனை பேர் நடுவில் இதை எப்படிச் சொல்வது? பென்சிலை எடுத்து, அந்த வரிகளையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டேன். மீன்சாற்றை நாரத்தங்காய் ஊறுகாய் ஆக்கினேன். அவளுடைய பெற்றோரை ஊறுகாய் போடும் குடும்பமாக மாற்றினேன். ஒருவர் மனம் நோகாமல் காப்பாற்றிவிட்டதாக எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. நான் சைவச் சமையல் மட்டுமே நடக்கும் வீட்டில் பிறந்தவள் என்பதையும், பலகாரம் தின்னும் வேளையில் மீன்குடல் என்று உச்சரிக்க என் நாக்கே கூசியது என்பதையும் அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

பொய்யைச் சரியாகச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம், பானைகளைச் சுற்றிப் பூனைகள் வட்டமிட்டன என்று வேகமாகப் படித்துவிட்டேன்.

"ஊறுகாக்கு எதுக்கு டீச்சர் பூன வருது?" என்றார் அக்கா.

"அந்த ஊர்ப் பூனைகள் அப்படி" என்றேன்.

"ஊறுகா பானைய ஊருக்கு வெளிய வைக்கச் சொன்னான்னு போன வாரம் சொன்னியே. ஊறுகா வாசனைக்கா ஊரே பேஜாராவுது? இன்னா ஊறுகா அது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அக்கா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதம் இப்படியே ஓடிற்று. பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாள் காய்ச்சலில் தொண்டை கட்டி, என் குரல் அடியோடு போய்விட்டிருந்தது. கழுத்தைச் சுற்றித் துணியோடு போய், கதை இன்று இல்லை என்று கையால் சைகை காட்டினேன்.

"அதெப்படி? பெரிய விருந்து நடக்கப்போவுதுன்னு சொல்லி நிறுத்திக்கீற" என்றார் அக்கா. "நர்ஸம்மா படிக்கட்டும்."

நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவருக்குச் சிரமம் கொடுக்க நான் தயங்குவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நர்ஸம்மா உற்சாகமாகப் புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். நிறுத்தி நிறுத்தித்தான் படித்தார் என்றாலும் நன்றாகவே சொன்னார். விளக்குகள், மஞ்சங்கள், பூமாலைகள். பிறகு வீட்டு எசமான் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி விருந்தாளிகளுக்குக் காட்டுகிறான்.

"'இதில ஒரு துளிக்கு ஒரு குதிரையையே கொடுக்கலாம்'னு சொல்றான். 'என் சமையல்காரியோட ஊர்ல செஞ்சது'ங்கறான். இது வந்து... மீன் குடலும் உப்பும்..." நர்ஸம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இருங்க, சரியாத்தான் படிக்கறேனான்னு பாக்கறேன். ஆமா, மீன்தான். பேரும் போட்டிருக்கு. நம்ம கானாங்கத்தை வகை."

"கானாங்கத்தயா?" அக்கா கதவோரத்திலிருந்து எழுந்தே விட்டார். "ரோமாபுரிலயா? ராசா வூட்டு விருந்துலயா?"

அப்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. நான் எதற்கு அஞ்சி அத்தனை வரிகளை மறைத்தேனோ, அதைக் கேட்டு ஒரு பெண் அப்படிப் பூரித்து நின்றாள். அது சில நொடிகள்தான். பிறகு அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நாரத்தங்கா?"

எனக்குக் குரல் இல்லை. புத்தகத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"நர்ஸம்மா, மொதல்ல போ. அந்தப் பொண்ணு எங்க பொறந்துச்சு, அத்தப் படி."

நர்ஸம்மா முன்பக்கங்களைப் புரட்டினார். "இங்கெல்லாம் டீச்சர் பென்சிலால அடைப்பு போட்டிருக்காங்களே. எதுக்குன்னு தெரியல" என்று வெள்ளையாகச் சொல்லிவிட்டு, அடைப்புக்குள் இருந்ததைத் தமிழில் சொன்னார். கடற்கரை, உப்பு, மீன்பானைகள், ஊருக்கு வெளியே போகச் சொன்ன உத்தரவு. ஒவ்வோர் அடைப்பிலும் மீன் இருந்தது.

"பூன வந்ததுக்கு இப்பதான் அர்த்தம் புரியுது டீச்சர்" என்றாள் தையல்காரப் பெண். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் பலகாரம் அக்காவின் முறை. வழக்கம்போல் வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. எனக்குக் குரல் திரும்பியிருந்தது. ஆனால் புத்தகத்தைத் திறக்க மனம் வரவில்லை. இனி அவர் வரமாட்டார் என்று தையல்காரப் பெண் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் கேட்ட பிறகுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்று விளங்கியது.

அக்கா சனிக்கிழமை கேட்ட கதையைத் திங்கட்கிழமை கரையில், தம்மோடு கருவாடு காயவைக்கும் பெண்களுக்கெல்லாம் சொல்லிவந்திருக்கிறார். பத்துப் பதினைந்து பேர் மூன்று மாதமாக அவர் வாயிலிருந்து ரோமாபுரிக் கதையைக் கேட்டுவந்திருக்கிறார்கள். என் ஊறுகாயை நம்பி, அவரும் அவர்களுக்கு ஊறுகாயே சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்டவர்களிடம், "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எனக்காக வாதாடியும் இருக்கிறார். இப்போது அவர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றது அவர்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். ராயபுரத்தில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தும், அந்த இடத்துக்கு அதுவே முதல்முறை. மணல்மேல் விரித்த பழைய வலைகளில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. முந்தானையை மூக்கருகே கொண்டுபோன கையை, என்ன செய்கிறேன் என்று உணர்ந்ததும் கீழே இறக்கிக்கொண்டேன்.

"தோ வந்துட்டாங்க, ஊறுகா டீச்சர்" என்றார் அக்கா, நிமிராமலே.

"அக்கா, உங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்."

"நாத்தம்னு எழுதிக்கீதா அதுல?"

"ஆமாம்."

"எழுதட்டும். நாத்தம்தான். எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லித்தான் தெரிஞ்சிக்கணுமா?" அவர் நிமிர்ந்தார். "உனக்கு ஆவாதுன்னு எங்க வூட்டுல செஞ்சத நான் ஒருநாளும் எடுத்தாந்ததில்ல. கடலயா வாங்கியாந்தேன். அது உன் வாயி. அதுக்கு நான் மரியாத குடுத்தேன். ஆனா காது என்னுது. என் காதுக்கு இன்னா வோணும்னு நீ எப்டி முடிவு பண்ணுவ?"

அதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியவில்லை. "உங்களுக்காக மட்டும் இல்லை அக்கா" என்றேன். "அந்த வார்த்தைகளைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பேசியே பழக்கமில்லை. உங்கள் பெயரைச் சொல்லி என் கூச்சத்தை மறைத்துக்கொண்டேன்."

அவர் கையிலிருந்த மீனை வலைமேல் போட்டார். "அத்தச் சொல்லு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்கிட்ட இன்னாத்துக்கு? இவங்ககிட்டச் சொல்லு. நான் சொன்னத நம்பிக் கேட்டவங்க இவங்கதான்."

அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதையை மாற்றிச் சொன்னேன், தவறு அக்காவுடையது அல்ல, என்னுடையது என்றேன். யாரோ ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு, "குந்து டீச்சர், குந்திகினு நெசக் கதையப் படி" என்றார்கள். முதல் அத்தியாயத்திலிருந்து, அடைப்புக்குள் இருந்தது எதையும் விடாமல், தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

மீனை அடுக்கும் இடம் வந்ததும் தடுமாறினேன். ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு, மேலே கனம் என்று இருந்தது. படித்தபோதே எனக்குப் புரியாத பத்தி அது. அக்கா என் கையைப் பிடித்து ஒரு மரத்தொட்டியின் பக்கம் இழுத்துப்போனார். உப்பிட்ட மீன்மேல் பலகையும் பலகைமேல் கல்லும் இருந்தன. பலகையின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு நீர் ஊறி நின்றது.

"இதான?" என்று கேட்டார்.

"இதுதான் என்று நினைக்கிறேன். இதை மாதக்கணக்கில் வெயிலில் வைத்து வடிகட்டி..."

"இத்தயா? இத்தயா அவனுங்க வெள்ளிக் கிண்ணத்துல ஊத்தி, குதிர குடுத்து வாங்கினானுங்க? அடப்பாவி, இத்தனி வருசமா மண்ணுலதான ஊத்திகினு கீறோம்!"

கரையே சிரிப்பில் அதிர்ந்தது. ஒருத்தி தொட்டியருகே போய், எசமானைப்போல் இரு கைகளாலும் இல்லாத கிண்ணம் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். நானும் சிரித்தேன்; சிரித்தபடியே புத்தகத்தைப் புரட்டி, அடுத்து வரப்போகும் பக்கத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன். பின்வாசலில் தகப்பனை நிறுத்திவைத்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் பக்கம் அது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். "உடாத" என்று மட்டும் சொன்னார்.

படித்தேன். முடித்ததும் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி சொன்னாள்: "பஸ்ல கூடையோட ஏறினா கண்டக்டர் எறங்குன்னு கத்துவானே, அதே மாரிதான்."

"பாத்தியாடி, ரோமாபுரிலயும் கண்டக்டர் கீறான்" என்றாள் இன்னொருத்தி.

மறுபடி சிரிப்பு. ஆனால் அது முதலில் எழுந்த சிரிப்பைப் போன்றதல்ல. அதன் நடுவே அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். "அந்த அப்பன் இன்னா பண்ணான்? திரும்பிப் போய்ட்டானா? பொண்ணப் பாத்தானா இல்லியா? அத்தப் படி" என்றார். மகள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, எல்லோரும் பார்க்கத் தகப்பனைக் கட்டிக்கொள்ளும் வரிகள் அந்தப் பக்கத்தின் கடைசியில் இருந்தன. மூக்கைப் பொத்தும் வரியோடு சேர்த்து அவற்றையும் நான் அடைப்புக்குள் போட்டிருந்தேன். மூன்று மாதமாக அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் வந்த செய்தியையே நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்தார். கதவோரத்தில் உட்காரவில்லை, நேரே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். கையில் இரண்டு பொட்டலங்கள். எனக்கு வேர்க்கடலை, மற்றவர்களுக்கு மொறுமொறுவென்று பொரித்த நெத்திலி. "டீச்சர் பக்கம் ஜன்னலத் தொறந்து வையுங்கடி" என்று அவரே உத்தரவிட்டார். கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மழைக்காலம் முழுவதும் படித்தோம். உப்பு, மீன், காற்று, கடல் என்று வரும் இடங்களில் எனக்கு வார்த்தை கிடைக்காதபோது அக்கா எடுத்துக்கொடுத்தார். நான் சொன்னது தப்பாக இருந்தால், "அப்டி இருக்காது, திரும்பப் படி" என்பார். திரும்பப் படித்தால், பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருக்கும். அந்தப் புத்தகத்தை நான் உண்மையில் படித்தது அந்த இரண்டாம் முறைதான்.

அதன் பிறகு வேறு ஊர்களில் வாழ்ந்தோம்; இன்னும் எத்தனையோ புத்தகங்கள் படித்தேன். ஆங்கிலம் தெரிந்த டீச்சர் என்று அக்கம்பக்கத்தார் கடிதங்களையும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்பார்கள். கடினமான வரி வரும்போது இன்றைக்கும் என் கண் அதைத் தாண்டிவிடப் பார்க்கிறது. அப்போதெல்லாம் நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டு, அந்த வரியையும் முழுதாகப் படித்துவிட்டு, கேட்பவரின் அருகிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருடைய துயரத்தை அவரிடமிருந்து மறைத்தால், அதன் பின்னாலேயே வரும் அவருடைய சந்தோஷத்தையும் சேர்த்து மறைத்துவிடுவோம் என்று அந்தக் கரையில் எனக்குப் புரியவைத்து, பிழை செய்த என்னைத் தம் எதிரிலேயே மறுபடி உட்கார்ந்து படிக்கவும் விட்ட அந்தப் பெண்மணியிடம் எனக்கு இருக்கும் நன்றி, வயது ஏற ஏறக் கூடிக்கொண்டேதான் போகிறது.